உயிரியல் பூங்கா உலவிடங்களின் வடிவமைப்பை ஆவணப்படுத்த எதையெல்லாம் அளக்கணும்?

திருநகர் வாசி:

வணக்கம். மதுரையில் நாங்கள் நாலு பேர் சேர்ந்து, வண்டலூர், திருவனந்தபுரம் இரண்டு பூங்காக்களிலும் இருக்கிற உலவிடங்களின் வடிவமைப்பைத் தமிழில் பதிவு செய்ய ஆரம்பித்திருக்கிறோம். விலங்கைப் பற்றிய பதிவு இல்லை, அது வாழ்கிற இடத்தைப் பற்றியது. அகழி எவ்வளவு அகலம், வலைக்கம்பி என்ன கேஜ் (கம்பியின் தடிமனைச் சொல்கிற எண்), பார்க்க வருகிறவர் எங்கே நிற்கிறார், நிழல் எங்கே விழுகிறது, இரவுக் கொட்டில் எப்படி என்று ஒவ்வொன்றாக.

கையில் சுமார் 400 படம் இருக்கிறது. எல்லாமே கைப்பிடிக் கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று எடுத்தவை. வரைபடம் போட உட்கார்ந்தால் ஒரு உலவிடத்துக்குக்கூட முழு அளவு தேறவில்லை. உள்ளே இறங்காமல் அகழியை அளப்பது எப்படி? ஒரு உலவிடத்துக்குக் குறைந்தது எத்தனை தாள் வரையணும்? பழைய வரைபடம் எங்கே கிடைக்கும்? அடுத்ததாக, கடவூர், அய்யலூர் பக்கத்துத் தேவாங்குக்கு ஒரு மாதிரி உலவிடம் வரையும் எண்ணமும் இருக்கிறது. அதற்கு என்ன குறித்துக்கொள்ளணும் என்றும் சொல்லுங்கள்.

மேலமாசி சர்வேயர்:

தம்பி, அந்த 400 படத்தைத் தள்ளிவிட வேண்டாம். அவற்றில் அளவுகோல் இல்லை, நின்ற இடம் தெரியவில்லை, அவ்வளவுதான் குறை. ஒரு மீட்டர் மூங்கில் கழி ஒன்றை எடுத்து, 10 செ.மீ.க்கு ஒரு பட்டை என்று சிவப்பும் வெள்ளையும் மாற்றி மாற்றி அடித்துக்கொள்ளுங்கள். சுவர், தடுப்பு, மரம் எதை எடுத்தாலும் கழி படத்துக்குள் இருக்கட்டும். தரைப்படத்தில் நின்ற புள்ளிக்கு ஒரு எண்ணும், பார்த்த திசைக்கு ஒரு அம்பும் போடுங்கள். அந்த எண்ணே படத்தின் பெயர்.

அகழிக்குச் சாய்வுக் கோணம் காட்டுகிற லேசர் மீட்டர் போதும். கைப்பிடிக் கம்பிமேல் வைத்து எதிர்க்கரை சரிவின் அடியைப் பிடியுங்கள். 7.4 மீட்டர், கீழ்நோக்கி 28 டிகிரி என்று வந்தால் கிடைதூரம் 6.5 மீட்டர், இறக்கம் 3.5 மீட்டர். மீட்டர் பாதையிலிருந்து 1.2 மீட்டர் உயரத்தில் இருந்ததால் அகழியின் தரை பாதைக்கு 2.3 மீட்டர் கீழே. கம்பியிலிருந்து அகழிச் சுவர் 1.6 மீட்டர் தள்ளி இருந்தால், சுவருக்கும் சரிவின் அடிக்கும் நடுவே 4.9 மீட்டர். அடுத்து சரிவின் மேல்விளிம்பு: 11.2 மீட்டர், 6 டிகிரி. அதாவது விளிம்பு ஏறத்தாழ பாதை மட்டத்திலேயே இருக்கிறது, அகழியின் மொத்த அகலம் 9.5 மீட்டர், சரிவு இரண்டுக்கு ஒன்று. இரண்டே அளவில் குறுக்குவெட்டு கைக்கு வந்துவிடும்.

இதே கணக்கில் இன்னொன்றும் தெரியும். கம்பியிலிருந்து பார்க்கும்போது சுவர் விளிம்பு மறைப்பதால், சுவரை ஒட்டி அகழித் தரையில் 3 மீட்டர் கண்ணுக்கே படாது. வீசின குப்பை சேர்வது அங்கேதான், விலங்கு ஒதுங்குவதும் அங்கேதான். குறுக்குவெட்டில் அந்தப் பட்டையைக் கோடு போட்டு அடைத்துக் காட்டுங்கள். அதன் உண்மையான ஆழத்தை அகழியின் முனையில் நின்றோ, பணியாளரைக் கேட்டோதான் எடுக்கணும்.

பரப்பளவில் கவனம். 2009ஆம் ஆண்டின் உயிரியல் பூங்கா அங்கீகார விதிகளில் ஒரு ஜோடிப் புலிக்குத் திறந்தவெளி குறைந்தது 1,000 சதுர மீட்டர். 40க்கு 30 என்று 1,200 சதுர மீட்டர் இருக்கிற உலவிடத்தில் 40 மீட்டர் முகப்பு முழுக்க 9.5 மீட்டர் அகழி ஓடினால் 380 சதுர மீட்டர் அதிலேயே போய்விடும், மிச்சம் 820. அதனால் பரப்பை எழுதும்போதெல்லாம் அகழி சேர்த்தா சேர்க்காமலா என்று பக்கத்திலேயே எழுதுங்கள். இதை எழுதாத பதிவை வைத்து இரண்டு பூங்காக்களை ஒப்பிடவே முடியாது.

லேசரில் வருகிற தவறுகள்: நம்மூர் வெயிலில் சிவப்புப் புள்ளி தெரியாது, பூங்கா திறந்ததும் காலை நிழலிலேயே முடித்துவிடுங்கள். செயின்லிங்க் வலையைக் குறிவைத்தால் கதிர் கண்ணி வழியாகப் போய்ப் பின்சுவரைக் காட்டும். கண்ணாடி வழியே எடுத்த அளவை நம்பவே வேண்டாம். மூன்று முறை எடுத்து நடு எண்ணை எழுதுங்கள், 5 செ.மீ.க்கு மேல் விலகினால் திரும்ப எடுங்கள். விலங்கின் மேலோ அது பார்க்கிற தரையிலோ புள்ளியை ஆட்டாதீர்கள்.

வலைக்கு ஒரே கண்ணியை அளக்காமல் பத்துக் கண்ணியை அளந்து பத்தால் வகுங்கள். கம்பியின் தடிமனை அளக்க வெர்னியர் இடுக்கி வேண்டும். 8 கேஜ் 4.06 மி.மீ., 10 கேஜ் 3.25 மி.மீ. பிளாஸ்டிக் பூச்சோடு சேர்த்து அளந்தால் 10 கேஜும் 4 மி.மீ. காட்டும். ஸ்டோர் ரூமில் வெட்டுத்துண்டு கிடக்கும், அதன் முனையில் பூச்சைச் சீவிப் பாருங்கள்.

தாள் என்று கேட்டால் ஆறு. 1:200இல் தரைப்படம், 1:100இல் குறுக்கும் நெடுக்குமாக இரண்டு வெட்டுகள் ஒரே தாளில், பார்வைக்கோட்டுத் தாள், 1:50இல் இரவுக் கொட்டில், பொருள் பட்டியல், மாற்றத் தாள். ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் ஒரு எழுத்து: அளந்தது ‘அ’, வரைபடத்தில் இருந்தது ‘வ’, ஆள் சொன்னது ‘சொ’, குத்துமதிப்பு ‘ம’. இந்த எழுத்து விடுபட்டால் இரண்டு வருடம் கழித்து உங்கள் பதிவை நீங்களே நம்ப முடியாது.

வாடிப்பட்டி:

சர்வேயர் அண்ணன் முன்பக்கத்தைச் சொல்லிவிட்டார். உலவிடத்தின் பாதி, பொதுமக்கள் பார்க்காத பின்பக்கம்தான். முன்னால் எவ்வளவு அழகாகப் புல்லும் பாறையும் போட்டாலும், பின்னால் கதவு சரியில்லை என்றால் விலங்கை நேரத்துக்கு வெளியே விட முடியாது, அது கொட்டிலிலேயே கிடக்கும். முன் அனுமதி வாங்கி, கூடவே ஒரு கீப்பரை (விலங்கைப் பராமரிக்கிற பணியாளரை) வைத்துக்கொண்டு பின்பக்கத்தைப் பாருங்கள்.

முதலில் கதவு. உலவிடத்துக்குப் போகிற கதவு பக்கவாட்டில் நகர்வதா, மேலே தூக்குவதா? எவ்வளவு அகலம், உயரம்? இழுக்கிற கம்பி எங்கே முடிகிறது? முக்கியமாக, கம்பியைப் பிடித்து நிற்கிற ஆளுக்கு அங்கிருந்தே விலங்கு தெரிகிறதா? தெரியாவிட்டால் கதவு வாலில் விழும், இல்லை கணக்குத் தவறி விலங்கு உள்ளே இருக்கும்போதே ஆள் நுழைவார். ஆள் நிற்கும் புள்ளியிலிருந்து கண்மட்டக் கோடு ஒன்றை 1:50 படத்தில் போட்டுக் காட்டுங்கள். பார்வையாளருக்குப் பார்வைக்கோடு வரைகிறவர்கள் கீப்பருக்கு வரைவதே இல்லை. ஆள் நுழைகிற பக்கம் இரட்டைக் கதவா, ஒன்றைச் சாத்தாமல் அடுத்ததைத் திறக்க முடியுமா என்பதையும் பாருங்கள்.

அடுத்தது அறைகள். விதியில் புலி, சிங்கத்துக்கு அறை குறைந்தது 2.75 மீட்டர் நீளம், 1.80 அகலம், 3.00 உயரம். எத்தனை அறை என்பதைவிட எந்த அறையிலிருந்து எந்த அறைக்கு வழி என்பது பெரிது. ஒரே வரிசையில் நாலு அறை இருந்து, கடைசி அறை விலங்கு வெளியே வர மற்ற மூன்றையும் தாண்டணும் என்றால், சண்டைக்கார ஜோடியைப் பிரித்து வைக்கும்போது ஒன்று வெளியே வரவே முடியாது. வட்டமும் அம்பும் போட்டு இதைச் சின்னப் படமாக வரையலாம், அளவுகூடத் தேவையில்லை. ஸ்க்வீஸ் கேஜ் (ஊசி போட விலங்கை அசையாமல் நெருக்கிப் பிடிக்கிற கூண்டு) அன்றாடம் போகிற வழியிலேயே இருக்கிறதா, தனியாக மூலையில் இருக்கிறதா என்றும் குறியுங்கள். மூலையில் இருந்தால் ஊசி போடுகிற அன்றைக்கு மட்டும் விலங்கு அதைப் பார்க்கும், நுழைய மறுக்கும்.

தரைச் சரிவு: கொத்தனார் வைத்திருக்கிற லெவல் டியூபே போதும். 3 மீட்டர் ஓட்டத்தில் 5 செ.மீ. இறங்கினால் அறுபதுக்கு ஒன்று. அனுமதியோடு ஒரு வாளித் தண்ணீர் ஊற்றி, ஐந்து நிமிடம் கழித்து எங்கே தேங்குகிறது என்று சாக்பீஸால் சுற்றிக் கோடு போட்டுப் படம் எடுங்கள். கழிவுநீர் ஒரு அறையிலிருந்து அடுத்த அறை வழியாக ஓடுகிறதா, ஒவ்வொன்றிலிருந்தும் நேரே வெளிவாய்க்காலுக்குப் போகிறதா? முதல் மாதிரி என்றால் ஒன்றுக்கு வந்த வயிற்றுப்போக்கு வரிசை முழுக்கப் போகும்.

உலவிடத்தின் உள்ளே தரையையும் படியுங்கள். வேலியை ஒட்டி ஒரு முழ அகலத்துக்குப் புல் செத்து, மண் இறுகி, வெயிலில் பளபளக்கிற தடம் இருந்தால் விலங்கு அங்கே முன்னும் பின்னும் நடந்துகொண்டே இருக்கிறது. அது திரும்புகிற முனையில் மண் கிண்ணம் போலக் குழிந்திருக்கும். தடத்தின் நீளம், அகலம், எந்தக் கதவுக்கு எதிரே முடிகிறது என்று வரைபடத்தில் ஏற்றுங்கள். பெரும்பாலும் அது கொட்டில் கதவில்தான் முடியும், சாப்பாடு அந்தப் பக்கமிருந்து வருவதால்.

மழையில் ஒருமுறை கட்டாயம் போங்கள். ஐப்பசி, கார்த்திகையில் உலர் அகழியில் எத்தனை நாள் தண்ணீர் நிற்கிறது, பம்பு எங்கே என்று அப்போதுதான் தெரியும். கரிசல் மண்ணில் கட்டின அகழிச் சுவராக இருந்தால் கோடையில் விரிசலின் அகலத்தையும், மழைக்குப் பின் அதே இடத்தையும் எடுங்கள். சுவரில் நீர்க்கசிவு ஓட்டைகள் இருக்கின்றனவா, அடைத்துக்கிடக்கின்றனவா என்பதும் சேர்த்து.

திருநகர் வாசி:

ரொம்ப நன்றி அண்ணே, இரண்டு பேருக்கும். பின்பக்கத்தை யோசிக்கவே இல்லை. பார்வைக்கோட்டுத் தாளில் என்ன வரணும் என்றும், பழைய வரைபடம் பற்றியும் யாராவது சொன்னால் நல்லது.

சிம்மக்கல்:

பார்வைக்கோடு: பெரியவர் கண்மட்டம் 1.5 மீட்டர், சக்கர நாற்காலியில் இருப்பவருக்கும் சிறு பிள்ளைக்கும் 1.1 மீட்டர். இந்த இரண்டு கோட்டையும் ஒவ்வொரு பார்வைப் புள்ளியிலிருந்தும் வரையுங்கள். பிறகு உலவிடத்தை 5 மீட்டர் கட்டங்களாகப் பிரியுங்கள். 40க்கு 30 என்றால் 48 கட்டம். எந்தக் கட்டம் எந்தப் புள்ளியிலிருந்து தெரிகிறது என்று குறித்தால், எந்தப் புள்ளியிலிருந்தும் தெரியாத கட்டங்கள் மிஞ்சும். விலங்குக்கு ஒதுங்க இடம் உண்டா என்பதற்கு அந்த எண்ணிக்கைதான் பதில். அதே கட்டத்தாளில் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை விலங்கு எங்கே இருக்கிறது என்று ஒரு நாள் முழுக்கக் குறித்தால், வரைந்தவர் நினைத்த பயன்பாடும் நடப்பதும் பக்கம் பக்கமாகத் தெரியும். எதிர்ப்பக்கம் நிற்கிற கூட்டம் விலங்குக்குப் பின்னால் தெரிகிறதா என்பதையும் குறியுங்கள். கண்ணாடி என்றால் இரண்டு பக்க வெளிச்சத்தையும் போன் செயலியில் அளந்து எழுதுங்கள். பார்ப்பவர் நிற்கிற பக்கம் இருட்டாக இருந்தால்தான் கண்ணாடியில் தன் முகம் தெரியாது. கூரை போதாமல் போவதே இதில் வழக்கமான தவறு.

வரைபடத் தேடல்: பூங்காக்கள் மத்திய உயிரியல் பூங்கா ஆணையத்திடம் மாஸ்டர் பிளானுக்கு ஒப்புதல் வாங்கணும். அந்த ஆணையம் 1992இல் வந்தது, அதற்கு முன் கட்டியவற்றுக்கு அந்த வழி உதவாது. பூங்கா ஆண்டறிக்கைகளில் எந்த ஆண்டு எந்த உலவிடம் புதுப்பிக்கப்பட்டது என்ற வரி கிடைக்கும். டெண்டர் ஆவணங்களில் பொருள் அளவுப் பட்டியல் இருக்கும். கான்கிரீட் கிரேடு, வலை கேஜ், கண்ணாடித் தடிமன் எல்லாம் அதில் வரும். ஆனால் டெண்டரில் கேட்டதும் கட்டி முடித்ததும் ஒன்றாக இருக்காது. அதிலிருந்து எடுத்த எண்ணுக்குச் சர்வேயர் சொன்ன ‘வ’தான், நேரில் சரிபார்த்த பிறகே ‘அ’. தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தில் கேட்கலாம், ‘எல்லா வரைபடமும்’ என்று கேட்காமல் உலவிடம், ஆண்டு, தாள் வகை சொல்லிக் கேளுங்கள்.

மாற்றத் தாளைக் கடைசியாகச் சொன்னாலும் என்னைப் பொறுத்தவரை அதுதான் உயிர். உலவிடம் ஒருமுறை கட்டி நிற்பதில்லை. சென்னையில் 1855இல் தொடங்கிய காட்சிசாலை 1985இல் வண்டலூருக்குப் போனது. பழைய இடத்தின் கூண்டுகளுக்கு அளவோடு கூடிய வரைபடம் இன்று கையில் இருந்தால், கம்பிக் கூண்டிலிருந்து அகழிக்கு எப்படி மாறினோம் என்று அங்குலம் அங்குலமாகக் காட்டலாம். ஜெர்மன் விலங்கு வணிகர் ஹாகன்பெக் ஹாம்பர்க் பக்கம் ஸ்டெல்லிங்கனில் 1907இல் கம்பியில்லாத அகழி உலவிடங்களைத் திறந்தார். அவை எப்படி வேலை செய்தன என்று இன்றும் பேச முடிவது குறுக்குவெட்டுகள் இருப்பதால். லண்டன் பூங்காவில் கட்டடக்கலைஞர் லுபெட்கினின் டெக்டன் குழு 1934இல் கட்டிய பென்குயின் குளத்திலிருந்து 2004இல் பறவைகளை வெளியேற்றினார்கள். கட்டடமாகப் புகழ்பெற்றதும் பறவைக்கு ஒத்துவராததும் அந்த ஒரே குளம்தான். படம் மட்டும் பார்க்கிறவருக்கு முதல் பாதிதான் தெரியும். அதனால் மாற்றத் தாளில் தேதி, என்ன மாறியது, ஏன் மாறியது என்ற மூன்றும் வரணும். ‘மின்கம்பி கூட்டப்பட்டது’ போதாது, ‘மரப்பட்டை உரிந்ததால் தரையிலிருந்து 60 செ.மீ., 120 செ.மீ. உயரங்களில் இரண்டு இழை மின்கம்பி’ என்று வேண்டும்.

அய்யலூர்:

தேவாங்குக்கு வருகிறேன். கடவூர் தேவாங்கு சரணாலயம் 2022இல் கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் 11,806 ஹெக்டேரில் அறிவிக்கப்பட்டது. மாதிரி உலவிடம் வரையும்முன் அந்தப் பக்கத்துப் புதரைப் படியுங்கள், தரையைவிடக் கிளையை அளக்கணும்.

தேவாங்கு தாவாது. ஒரு கிளையைப் பிடித்துக்கொண்டே அடுத்ததை எட்டிப் பிடிக்கும். உடம்பே ஒரு சாண், கொஞ்சம் கூட இருக்கும். அதனால் கிளைக்கும் கிளைக்கும் நடுவே கை எட்டாத இடைவெளி வந்தால் அதற்கு வழி அங்கேயே முடிந்தது. கூண்டில் எவ்வளவு கனஅடி இருந்தாலும் வழி இல்லாத மூலை கணக்கில் சேராது. ஆகவே இருக்கிற தேவாங்குக் கூண்டு எதைப் பதிவு செய்தாலும் கிளைப்படம் ஒன்று வேண்டும்: ஒவ்வொரு கிளையின் தடிமன், சாய்வு, அடுத்த கிளைக்கு இடைவெளி. விரல் தடிமன் கிளைகள் எத்தனை, மணிக்கட்டுத் தடிமன் எத்தனை என்று பிரித்து எழுதுங்கள். கைப்பிடிக்குள் அடங்காத உருட்டுக் கட்டைகளை வைத்துவிட்டு ‘மரக்கிளை அமைக்கப்பட்டுள்ளது’ என்று எழுதுவது பதிவு ஆகாது.

இரவாடி என்பதால் பகலில் மங்கலும் இரவில் வெளிச்சமும் தருகிற கட்டடமாக இருந்தால் விளக்கு மாறுகிற நேரம், படிப்படியாக மாறுகிறதா பட்டென்று மாறுகிறதா, விலங்குப் பக்கம் எத்தனை லக்ஸ் (வெளிச்சத்தின் அளவு), பார்வையாளர் நடைபாதையில் எத்தனை, கதவு திறக்கும்போது எவ்வளவு கூடுகிறது என்று எடுங்கள். வெளியிலிருந்து வருகிறவரின் கண் பழக வளைந்த நடைபாதை இருக்கிறதா? இல்லாவிட்டால் உள்ளே வந்த கையோடு போன் டார்ச்சைப் போடுவார்கள். நியூயார்க்கின் பிராங்ஸ் பூங்காவில் இரவாடிகளுக்கென 1969இல் திறந்த கட்டடம் 2009இல் மூடப்பட்டு, 2025இல்தான் மீண்டும் திறந்தது. இந்த வகைக் கட்டடங்களில் மின்சாரமும் காற்றோட்டமும் ஓயாத செலவு, பொருள் பட்டியலில் அதற்கும் ஒரு பத்தி விடுங்கள்.

செடிக்கு நம் வறண்ட காடே வழி காட்டும்: உசில், வேலம், வேம்பு, ஆவாரை. செடிப் பட்டியலில் பெயரோடு, விலங்கு எட்டும் தூரமா என்றும் எழுதுங்கள். அழகுக்காக வைத்த அரளி மான் உலவிடத்து வேலிக்கு வெளியே இருந்தாலும், கிளை உள்ளே சாய்ந்தால் போதும், ஆபத்துதான். காட்டில் தேவாங்கு பார்த்த இடத்தின் துல்லியப் புள்ளியை மட்டும் எங்கேயும் வெளியிடாதீர்கள்.

ஒத்தக்கடை:

நிழல் பற்றி யாரும் விரிக்கவில்லை. குளிர்நாட்டுக் கையேடுகளில் ‘சுவருக்கு வடபுறம் எப்போதும் நிழல்’ என்று இருக்கும், அதை அப்படியே எடுத்துவிடாதீர்கள். மதுரை 9.9 டிகிரி வடக்கு. ஏப்ரல் நடுவிலிருந்து ஆகஸ்ட் கடைசி வரை உச்சிச் சூரியன் நமக்கு வடக்கே நிற்கிறது. 3 மீட்டர் சுவர் டிசம்பர் உச்சியில் வடக்கே சுமார் 2 மீட்டர் நிழல் தரும், ஜூன் உச்சியில் தெற்கே முக்கால் மீட்டர்கூடத் தராது. வெயில் உறைக்கிற மாதங்களில் உச்சிவேளையில் சுவர் நிழல் என்று ஒன்று கிடையாது, கூரையோ மரக்குடையோதான். ஜூன், டிசம்பர் இரண்டிலும் 9, 12.20, 4 மணிக்கு நிழலைத் தரைப்படத்தில் வரையுங்கள். நம்மூரில் சூரியன் உச்சிக்கு வருவது கடிகாரத்தில் 12.20 வாக்கில், மாதத்தைப் பொறுத்து முன்பின் ஆகும். வண்டலூருக்கும் திருவனந்தபுரத்துக்கும் அந்தந்த ஊர் அட்சரேகையை வைத்துத் திரும்பக் கணக்கிடுங்கள்.

செயற்கைப் பாறைக்கு ஒரு வார்த்தை. யானைமலையை அருகில் போய்ப் பாருங்கள்: மழைநீர் வழிந்த கருங்கோடுகள் எல்லாம் மேலிருந்து கீழே ஒரே போக்கில் இறங்கும், வெடிப்புகளும் இரண்டு மூன்று திசைகளில்தான் ஓடும். வலைமேல் சிமென்ட் பூசிச் செய்கிற பாறை பொய்யாகத் தெரிவது நிறத்தால் அல்ல, வெடிப்புகள் நாலாபக்கமும் கலைந்து ஓடுவதால்தான். பதிவில் வெடிப்பின் திசை, விலங்கு ஏறி நிற்கிற மேடைகளின் உயரம், பூச்சுத் தடிமன், தட்டினால் பொள்ளலாகக் கேட்கிற இடங்கள் எல்லாம் வரட்டும். பொள்ளல் இடத்தில்தான் முதலில் வலை துருப்பிடித்துப் பூச்சு பெயரும். மதியம் 2 மணிக்கு மேடையின் சூட்டை அகச்சிவப்பு வெப்பமானியில் எடுத்து, பக்கத்து மண்தரையின் சூட்டோடு சேர்த்து எழுதுங்கள்.

திருநகர் வாசி:

கடைசியாக ஒன்று. இதையெல்லாம் இணையத்தில் போடலாமா? கொட்டில் வரைபடமும் சேர்த்தா?

வாடிப்பட்டி:

கொட்டில் படத்தை இரண்டு பிரதியாக வையுங்கள் தம்பி. பூட்டு வகை, சாவி இடம், கேமரா பார்க்கிற கோணம், பணியாளர் வாசல், மின்வேலிப் பெட்டி எல்லாம் உள்ள முழுப் பிரதி பூங்காவுக்கும் உங்களுக்கும் மட்டும். பொதுவில் போடுகிற பிரதியில் அறைகள், வழிகள், சரிவு, அளவுகள் போதும். போடும்முன் பூங்கா இயக்குநர் அலுவலகத்துக்கு அனுப்பி எழுத்தில் சம்மதம் வாங்கிவிடுங்கள். டிரோன் வேண்டவே வேண்டாம், மான் கூட்டம் அந்தச் சத்தத்தில் மிரண்டு வேலியில் போய் மோதும்.

மேலமாசி சர்வேயர்:

கோப்புப் பெயரில் தேதியை ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் முதலில் வையுங்கள், பிறகு உலவிட எண், தாள் எண். முதல் உலவிடமாகச் சின்னதாக ஒரு மான் உலவிடத்தை எடுத்து ஆறு தாளையும் முடித்து இங்கே போடுங்கள், அளவுகளைச் சரிபார்த்துத் தருகிறேன்.